இசிடோராவின் பங்கு

பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர்கள்
பதினேழு பேர்.
லாகோஸ் தீவில் ஒன்பது, இபாடனில் மூன்று,
ஹூஸ்டனில் இருந்துகொண்டு
வாட்ஸப்பில் மட்டும் உயிரோடிருக்கும் நால்வர்,
கடைசியாக நான்.

வக்கீல் ஒகுன்பான்ஜோ
பேனா மூடியை மேசையில் உருட்டிக்கொண்டே
"இன்னும் யாராவது உண்டா?" என்றார்.
பேச்சுக்குத்தான் கேட்டார்.
கீழே ஜெனரேட்டர் இருமிக்கொண்டிருந்தது.

"உண்டு" என்றேன்.
"பிரேசிலில். பாஹியா பக்கம், கஷோய்ரா என்ற ஊர்.
பெயர் இசிடோரா."

அண்ணன் லாசரோ என்னைப் பார்த்த பார்வையில்
மீன் பொரிக்கலாம்.

வீட்டைச் சொல்ல வேண்டும்.
பிரேசில்காரர் பேட்டையில், கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது சந்து.
இருபுறமும் கண்ணாடிக் கட்டடங்கள் தோள் இடிக்க
மூச்சை அடக்கி நிற்கிற மாடிவீடு.
மஞ்சள் என்று சொல்வோம்; மஞ்சள் போய் நாளாயிற்று.
வாசல் வளைவின்மேல் சுண்ணச்சாந்தில் ஒரு பூ.
செம்பருத்தி என்பான் லாசரோ.
கீழ்க்கடையில் சார்ஜர் விற்கிற மோரெனிக்கே
அது மின்விசிறி என்பாள்.
கட்டியவர் எந்த ஊர்ப் பூவை நினைத்தாரோ,
இங்கே அது பூப்பதில்லை.

கட்டியவர் பெயர் கோன்சாலோ. கொத்தனார்.
கடலுக்கு அந்தப் பக்கம்
யாருடைய கணக்குப் புத்தகத்திலோ
இரண்டு கழுதைக்கும் ஒரு செப்புக் கொப்பரைக்கும் நடுவே
ஒரு வரியாக இருந்தார்.
ஞாயிற்றுக்கிழமைகளில் பிறர் சுவருக்குப் பூசிப்
பதினோரு வருடம் காசு சேர்த்துத்
தன்னைத் தானே விலைக்கு வாங்கினார்.
பேரம் பேசினாராம்.
குறைக்கவில்லையாம்.
ரசீது இருக்கிறது, கரையான் தின்றது போக.
யாரோ எழுதிய அவர் பெயருக்குக் கீழே
ஒரு பெருக்கல் குறி.
கொத்தனார் கை; கோடு மட்டும் நேர்.

மாநகராட்சி ஆள் சிவப்புப் பெயிண்டில்
எங்கள் சுவரில் பெருக்கல் குறி போட்ட அன்று
நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
இவர் கோடு கோணல்.

ஒரு காகிதத்தில் சரக்காக இருந்தவர்
இன்னொரு காகிதத்தில் மனிதரானார் என்றால்
நான் ஒருத்தியைச் செய்துகொள்ளக் காகிதம் இல்லையா?

"சான்று?" என்றார் வக்கீல்.
கடிதத்தை நீட்டினேன்.
எனக்குப் போர்த்துக்கீசு ஜெபத்தளவுதான் தெரியும்;
அதனால் இசிடோரா பெரிய பக்தையாகிவிட்டாள்.
அருள் நிறைந்த மரியே என்று தொடங்கி
எங்கள் மரண நேரத்திலும் என்பதுவரை எழுதி
நடுவே கதவு எண்ணைச் செருகியிருந்தேன்.
வக்கீல் படித்தார்.
தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார்.
பேனாவை மூடினார்.

கடல் தாண்டிய வாரிசைத் தேடிப்பிடிக்க
கோர்ட்டுக்கு ஏழு வருடம் என்கிறார்கள்,
பன்னிரண்டு என்கிறார்கள்.
அதற்குள் கூரையே இறங்கிவந்து
கையெழுத்துப் போட்டுவிடும் என்கிறான் லாசரோ.
அவனுக்கு மகளின் கல்லூரிக் கட்டணம் இருக்கிறது.
நான் அதை மறக்கவில்லை.
மறந்தவள்போல் மாடிப்படி ஏறுகிறேன்.

பெரிய வெள்ளி வந்தது.
இரவெல்லாம் வெந்த தட்டைப்பயறை மசித்து, வடித்து,
தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்த்துக் கிண்டினால்
ஃப்ரெஜோன்.
மீன் குழம்பு தனி.
வெளியே பையன்கள்
ஈஸ்டர் ஊர்வலத்து முகமூடிக்குச் சாயம் அடித்துக்கொண்டு
இப்போதே சண்டை.

கிண்ணங்களை லாசரோ எண்ணினான்.
மறுபடி எண்ணினான்.
"ஒன்று கூடுதலாக இருக்கிறதே, யாருக்கு?"
கேட்ட வாயை அவனே மூடிக்கொண்டான்.

திட்டுவான் என்றுதான் இருந்தேன்.
என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி
அந்தக் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் ஊற்றினான்.
"அந்த ஊரில் இனிப்பு கூட வேண்டுமாம்."
யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை.

சாயங்காலம்வரை கிண்ணம் ஆடை கட்டிக்கொண்டிருந்தது.
கடையைப் பூட்டிவிட்டு மேலே வந்த மோரெனிக்கே
யாரையும் கேட்காமல் அதை எடுத்து
நின்றபடியே வழித்துத் தின்றாள்.

"நீயா இசிடோரா?" என்றான் லாசரோ.

விரலை நக்கிக்கொண்டே அவள் கேட்டாள்:
"பங்கு எவ்வளவு?"